கைவலிமையும் கையடக்கமும்



போர் என்றவுடன் இன்றைய இளைஞர் உள்ளத்தில் தோன்றுவன பீரங்கியும் விமானமும் ஏவுகணையுமே. ஆயினும் மனிதன் மனிதனோடு கைகலந்து பொருவதே போர்க்கலைகளுள் மிகப் பழையது. அது இன்னும் வழக்கொழிந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரரும் சீன வீரரும் மோதினர். எல்லைக்கோட்டின் அருகே சுடுவதில்லை என 1996இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்திருந்தன. ஆகவே துப்பாக்கி முழங்கவில்லை. கல்லும் தடியும் வெறுங்கையுமே போர்க்கருவிகளாயின. நம் வீரர் 20 பேர் உயிர் ஈந்தனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி.

அணுகுண்டு யுகத்திலும் படைவீரனுக்கும் காவலனுக்கும் கைப்போர்ப் பயிற்சி ஏன் வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஆனால் அப்பயிற்சி எதன் பொருட்டு என்பதே அதனினும் பெரிய வினா. அவ்வினாவுக்கு நம் தருமபுரி மாவட்டத்து மண்ணிலிருந்தே விடை தேட முயல்வோம்.

சங்க காலத்தில் கைப்போர் ஒழுங்காகப் பயிலப்பெற்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் மறவர் கையாலும் கருவியாலும் பொருத 'முரண்களரி' இருந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழர்குலத் தலைவன் ஆமூர் மல்லனோடு செய்த மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மறு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து நின்ற நிலையை அவர் கண்ணெதிரே காட்டுகிறார். உடல் வலிமையோடு கால் வைக்கும் முறையும் கற்றவனே அவ்வாறு நிற்க இயலும்.

நம் ஊருக்குத் தகடூர் என்பது பழம்பெயர். இங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, காவல் மனையில் அழகாக விளங்கின. அதியமானின் படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. பூட்டி வைத்த படைக்கலத்தினும் பழகிய படைக்கலமே மேலானது என்னும் உண்மை அவ்வங்கதத்தினுள் பொதிந்திருக்கிறது.

இலக்கியம் அரசரைச் சொன்னது. எளிய வீரரைச் சொல்வன நடுகற்கள். தருமபுரி வட்டாரமும் அதை அடுத்த செங்கம் வட்டாரமும் நடுகற்கள் செறிந்த பகுதிகள். ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்திய வீரன். உடலில் தைத்த அம்புகள். சில கற்களில், அவன் மீட்ட ஆநிரை. வேறு சில கற்களில் வீரன் புலியோடு நேருக்கு நேர் நின்று குறுவாளால் குத்துகிறான். செங்கம் பக்கத்து எடத்தனூர்க் கல் ஒன்று, தலைவன் வீழ்ந்த பின்னும் கள்வரைக் கடித்துப் போரிட்ட 'கோவிவன்' என்னும் நாய்க்கும் சிறப்புச் செய்கிறது.

நான் ஆசிரியனாக இருந்த நாளில் மாணவர்களை இத்தகைய கல் ஒன்றினிடம் அழைத்துச் சென்றதுண்டு. அப்போது ஒரு மாணவன், "ஐயா, இத்தனை அம்பு தைக்கும் வரையில் ஏன் நின்றான்? ஓடியிருக்கலாமே?" என்று கேட்டான். "மாடு அவனுடையது மட்டும் அன்று, தம்பி; ஊருடையது" என்றேன். நடுகல்லின் பொருள் இதுவே. எத்தனை பேரைக் கொன்றான் என்பதற்காக அன்று; எதைக் காத்து மாண்டான் என்பதற்காகவே ஊரார் அவனுக்குக் கல் நட்டனர்.

இப்பயிற்சி மரபின் ஒரு கிளையே சிலம்பம். ஆசான் முதலில் கம்பைக் கொடுத்துவிடுவதில்லை, காலடியையே பழக்குவார். பின்னரே கம்பு வீச்சு. வெறுங்கைக்குக் குத்துவரிசை உண்டு. உயிர்நிலைகளைத் தாக்கும் வர்ம முறையையோ, மாணவனின் பொறுமையைப் பல்லாண்டு சோதித்த பின்னரே கற்பிப்பர். சினம் அடங்காதவனுக்கு அக்கதவு திறப்பதில்லை. கலை வளர வளர அடக்கமும் வளர வேண்டும் என்பது அவர்கள் கண்ட நெறி.

1792இல் பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணைவராயிருந்த தாமஸ் மன்றோவும் இப்பகுதியில் வரி நிருவாகம் செய்தனர். பழைய ஊர்க்காவல் முறை நாளடைவில் தளர்ந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் சீருடை அணிந்த காவல்துறை அமைந்தது. கைவலிமை, ஊரின் பொறுப்பு என்னும் நிலை மாறி, அரசின் அதிகாரமாயிற்று.

அரசின் கைவலிமையிலும் இருவகை உண்டு. ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பேர்ன் என்னும் ஆங்கிலேயர், ஜப்பானிய ஜுஜுத்சு முதலியவற்றைக் கற்று, தற்காப்பு முறை ஒன்றை வகுத்து 1926இல் நூலாக வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவரே பிரிட்டிஷ் கமாண்டோ வீரருக்குக் கைப்போர் கற்பித்தார். ஆசான் ஒருவரே, நோக்கம் இரண்டு. படைவீரன் பகைவனை வீழ்த்தக் கற்கிறான். காவலனோ எதிர்ப்பவனை உயிரோடு பிடித்து, நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கற்கிறான். அவன் கையில் அகப்படுபவன் பகைவன் அல்லன், இந்நாட்டுக் குடிமகன். கைதானவர் தப்பாதிருக்கத் தேவையான அளவுக்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தலாகாது என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறிற்று. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் வந்த சட்டமும் அதையே கூறுகிறது.

இவ்வேறுபாடு மறந்தால் என்ன நேரும் என்பதையும் நம் மாவட்டமே கண்டது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டையைத் தேடுவதாகக் கூறி, அரூரை அடுத்த வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர் நுழைந்தனர். மக்கள் அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. எளிய மக்கள் அஞ்சாமல் சான்று சொல்லி, முப்பதாண்டுக்கு மேல் தளராது நின்று பெற்ற நீதி அது.

ஊரைக் காத்தவனுக்குக் கல் நட்ட மண்ணில் இது நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நடுகல் வீரனுக்கும் வாச்சாத்தியில் நுழைந்தோருக்கும் கைவலிமை இருந்தது. அவன் கை ஊருக்கு வேலியாயிற்று. இவர்கள் கை ஊரின் மீதே விழுந்தது.

உங்களுள் பலர் நாளை படையிலும் காவல்துறையிலும் சேரக்கூடும். இன்று சிலம்பம் விளையாட்டாகவும் மதிப்புப் பெற்றிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள். காலை உறுதியாக ஊன்றக் கற்றுக்கொள்ளுங்கள். கையை வீசக் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றோடு, ஓங்கிய கையை உரிய இடத்தில் நிறுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். முதலிரண்டையும் ஆசான் ஓரிரு ஆண்டில் கற்பித்துவிடுவார். மூன்றாவதை நீங்களே நாள்தோறும் பயில வேண்டும்.