பொறியியல் பாடப்பிரிவுத் தேர்வு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் சிவில், மெக்கானிக்கல், கணினி அறிவியல் முதலிய கிளைகளுள் ஒன்றை ஏற்றுக் கல்லூரியில் சேர்வது பொறியியல் பாடப்பிரிவுத் தேர்வு. தமிழ்நாட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே இது முடிந்துவிடும்; சேர்ந்தபின் மாறுவது அரிது. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் குண்டாற்றுப் பக்கத்து மானாவாரி நிலம். பருத்தியும் மல்லியும் விளையும் கரிசலும், ஊருக்குள் தறியும் பஞ்சாலையுமே இங்குள்ள பிழைப்பு. இங்கிருந்து பொறியியலுக்குப் போவோரில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள்.

தொடக்க வரலாறு

சென்னைக் கோட்டைக்கு அருகே 1794இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் தொடங்கிய நில அளவைப் பள்ளியே கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர். 1858இல் அது சிவில் பொறியியல் பள்ளியாகி, மறு ஆண்டே கல்லூரி என்ற பெயர் பெற்றது. அப்போது சேர்ந்தவருக்குப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் சங்கடமே இல்லை. படிக்க இருந்தது சிவில் ஒன்றுதான். மெக்கானிக்கல் 1894இல் வந்தது. கல்லூரி 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்து பத்தாண்டு கழித்து, 1930இல் எலெக்ட்ரிக்கல் சேர்ந்தது. தொலைத்தொடர்பும் நெடுஞ்சாலைப் பொறியியலும் 1945இல் இணைந்தன. ஆக, மாணவர் முன் இரண்டாவது கிளை ஒன்று வந்து நிற்கவே ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1944இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி வேதிப் பொறியியலையும் ஜவுளித் தொழில்நுட்பத்தையும் கொண்டுவந்தது. குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) விமானம், மோட்டார் வாகனம், மின்னணு, கருவியியல் ஆகிய நான்கு துறைகளோடு வந்தது. பின்னாளில் இவை கிண்டியோடும் கட்டடக்கலைப் பள்ளியோடும் இணைந்து 1978இல் அண்ணா பல்கலைக்கழகமாயின.

எம்.ஐ.டி. முறை தனித்துக் குறிக்கத்தக்கது. பி.எஸ்ஸி. முடித்தவர்களை மூன்றாண்டுப் படிப்புக்கு எடுத்து, முதல் ஆண்டு முடிந்தபின்தான் துறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அன்று அருப்புக்கோட்டையும் அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1950களின் நடுவில் அங்கு போனவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்தபிறகே தனக்கு உகந்தது பொறியியல் என்று அவருக்குப் புரிந்தது. சேர்க்கைச் செலவுக்குத் தமக்கை சொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தியிருந்த பழைய விமானங்களைச் சுற்றிச் சுற்றி வந்தவர், ஓராண்டு முடிவில் விமானப் பொறியியலைக் கேட்டு வாங்கினார். அந்த ஓராண்டு அவகாசம் பிறகு வந்த எந்தச் சேர்க்கை முறையிலும் பொது வழக்காகவில்லை என்பது இத்துறையின் பெருங்குறை.

நுழைவுத் தேர்வுக் காலம்

பி.யூ.சி. எனும் புகுமுக வகுப்பு போய் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1977 தேர்தலில் வென்ற தொகுதி அருப்புக்கோட்டைதான். தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டதும், 1984இல் நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்ததும் அவர் ஆட்சியே. இவ்வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில் மதுரை தியாகராசர் கல்லூரி (1957) மட்டுமே இருந்த நிலை மாறி, சிவகாசி மெப்கோவும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கமும் எழுந்தன. பிறகு காரியாபட்டி அருகே புல்லூரில் சேது, விருதுநகரில் காமராஜ், அருப்புக்கோட்டையிலேயே சௌடாம்பிகா என்று பஸ்ஸில் போய்வரும் கல்லூரிகள் பெருகின.

நுழைவுத் தேர்வுக் காலத்தில் பள்ளி மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100 என 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். பயிற்சி மையமோ மதுரையில்; அருப்புக்கோட்டை பக்கத்துப் பந்தல்குடிப் பிள்ளை அங்கே அறையெடுத்துத் தங்கிப் படிப்பதென்பது ஆகிற காரியமில்லை. மு. ஆனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்தபடி 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தச் சுமை இறங்கியது. 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் பல்லாண்டு முதலிடம் வகித்த விருதுநகர் மாவட்டத்துக்கு இது நியாயமான ஏற்பாடு. மதிப்பெண் முழுக்கச் சமமானால் பிறந்த தேதியும், அதுவும் ஒன்றானால் சமவாய்ப்பு எண்ணும் முடிவு செய்யும்.

கலந்தாய்வு

தரவரிசைப்படி மாணவரை அழைத்து இடம் ஒதுக்கும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன் வருபவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணமாக இருந்தது. இரவெல்லாம் பயணித்து கிண்டியில் இறங்கி, திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். உள்ளே கணினிமுன் உட்கார்ந்ததும் சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. எழுதி வைத்திருந்த இசிஇ (மின்னணு, தொடர்பியல்) கண்முன்னே தீர்ந்துபோக, ட்ரிபிள் ஈயோடு (மின், மின்னணுவியல்) திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. காலேஜைப் பார்ப்பதா, கிளையைப் பார்ப்பதா என்ற வழக்கில், கிண்டியில் எது கிடைத்தாலும் எடு என்பதே விவரமறிந்தவர்கள் கொள்கை. அதன்படியே ஜியோஇன்ஃபர்மேடிக்ஸும் சுரங்கவியலும் நிரம்பின. பஞ்சாலை ஊர்ப் பிள்ளைகளும் ஜவுளித் தொழில்நுட்பத்தை முதல் விருப்பமாகப் போடுவது குறைவு. ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவர்கள் அதைவிட்டு வெளியேறத்தானே படிக்கிறார்கள்.

2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு வந்தது; மறு ஆண்டு முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. எத்தனை விருப்பங்களையும் வரிசையாகப் பதியலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் ஏற்றுச் சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டே மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். 69 விழுக்காட்டு இடஒதுக்கீடும், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் உண்டு. முதல் பட்டதாரிச் சான்று பெற்றவர்க்கு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது.

உண்மையில் முடிவின் பாதி பதினைந்து வயதிலேயே, பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் குரூப்பில் (பாடத்தொகுப்பில்) நடந்துவிடுகிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் கதவைத் திறந்து வைக்கும். கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால் மருத்துவத்துக்கு நேர்வழி இல்லை. காமர்ஸ் எடுத்தவருக்குப் பொறியியல் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளி சொல்வதே இங்கு பெரும்பாலும் குரூப்.

கிளை மாற்றம்

ஐஐடிகளில் முதலாண்டுத் தரப்புள்ளியை வைத்துக் கிளை மாறும் வழக்கம் இருந்தது. மன அழுத்தம் கருதிச் சில ஐஐடிகள் அண்மையில் அதை நிறுத்திவிட்டன. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் மேல்விருப்பக் காத்திருப்புதான் மாற்றத்துக்கு உள்ள நல்ல வாய்ப்பு. அது தவறினால் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டை இழக்க இங்குள்ள குடும்பங்கள் துணிவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில், கூடுதல் பாடங்களைப் படித்து வேறொரு துறையில் மைனர் பட்டம் பெற வழியுண்டு. பாலிடெக்னிக் முடித்தவர்கள் காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி நடத்தும் கலந்தாய்வு வழியே நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்கள்.

தற்போது செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்ற பெயர்களில் இடங்கள் கூடியுள்ளன. பல கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல் இடங்கள் நிரம்புவதில்லை.