சில்லும் செயலியும்

கணிப்பொறியின் உறுப்புகளைத் தமிழிற் பெயரிட்டு விளக்கிய முயற்சியின் வரலாற்றில் திருவரங்கத்திற்கு ஓர் இடம் உண்டு. அங்கு வளர்ந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்று, பின்னர்ப் பெங்களூரில் மின்னணுப் பொறியாளராய்ப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா (1935–2008), அத்துறையைப் பொதுமக்களுக்கு உணர்த்த எழுதிய நூல்களுள் ஒன்று ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’. இத்தலைப்பில் தனிமத்தின் பெயர் அயன்மொழியினதாகவே நிற்க, பொருளின் வடிவிற்கு வழக்குச்சொல் வந்தமை நோக்கத்தக்கது. சில்லு என்பது சிறுமியர் நொண்டியாட்டத்தில் எறியும் ஓட்டுத்துண்டு. இதனினும் பொருத்தமான சொல்லை அகராதி புரட்டித் தேடினும் காண்டல் அரிது.

சில்லு, நினைவகம், தாய்ப்பலகை என்பன காரணப்பெயர்கள். ஆதலின் எளிதில் தமிழாயின. கட்டமைப்புப் பெயர்களோ அத்தன்மைய அல்ல. இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086, 1982இல் வெளியிட்ட 80286, 1985இல் வெளியிட்ட 80386 ஆகியவற்றின் ஈற்றெண்ணே ‘எக்ஸ்-86’ என்னும் பெயரைத் தந்தது. எண்ணை வணிகக்குறியாகக் காத்தல் இயலாதாகவே, 1993இல் ‘பென்டியம்’ பிறந்தது. கிரேக்கமொழியில் ஐந்தைக் குறிக்கும் சொல்லடியாக அமைந்தது அது.

இவ்விருவகைப் பெயரையும் ஒன்றெனக் கொள்வார் பலர். எக்ஸ்-86 ஓர் உறுப்பின் பெயரன்று. ஆணைத்தொகுதி ஒன்றன் நெறிப்பெயர். பாஞ்சராத்திரம் ஒரு கோயிலின் பெயராகாது, திருவரங்கம் முதலிய கோயில்கள் பின்பற்றும் ஆகமத்தின் பெயராதல் போல்வது இது. அதனாலன்றோ இன்டெல்லும் ஏஎம்டியும் தனித்தனியே இயற்றிய சில்லுகள் ஒரே நிரலை இயக்குகின்றன! 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-வி மற்றொரு நெறி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சக்தி’ அந்நெறிவழி அமைந்தது. ‘வி’ ஈண்டு எழுத்தன்று, உரோமானிய ஐந்தே.

உறுப்புப் பெயர்களுள்ளும் ஓர் இடர் புகுந்துள்ளது. கணிக்கும் சில்லைக் குறித்த ‘செயலி’, கைப்பேசி பரவியபின் அதனுள் நிறுவும் மென்பொருளுக்கு ஆகிவிட்டது. ‘கைப்பேசியின் செயலி பழுதுற்றது’ எனின் பழுதுற்றது எது? வழக்கை மீட்டல் அரிது. சில்லை ‘நுண்செயலி’ என அடைகொடுத்தே வழங்குதல் நன்றென யாம் கருதுகின்றோம். ஆயின் 1971இல் இன்டெல் 4004 வெளிவருமுன், பேழைகளை நிறைத்து நின்ற பொறிகளுக்கு ‘நுண்’ என்னும் அடை பொருந்தாது. அவற்றை ‘மையச் செயலகம்’ என்றே சுட்டுதல் வேண்டும்.