நெய்வேலியில் ஒரு நாள் – பஸ் காசு மட்டும்

நெய்வேலிக்கு ஊர் சுத்திப் பார்க்கப் போறேன்னு சொன்னா, "அங்க என்னய்யா இருக்கு, நிலக்கரியா?"ன்னுதான் கேட்பாங்க. நிலக்கரிதான். சரியாச் சொன்னா பழுப்பு நிலக்கரி. ஆனா பெரிசா காசு செலவழிக்காம ஒரு நாள் முழுக்கச் சுத்த கடலூர் மாவட்டத்துல இதைவிடத் தோதான ஊர் இல்லைங்கிறது என் கட்சி. என்ன, கொஞ்சம் கதை தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் போட்ட கிணற்றில் தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. கூடவே கறுப்பா ஏதோ வந்தது. இன்னொருத்தரா இருந்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு கிணத்தை மூடிட்டு வேற இடம் பார்த்திருப்பார். இவர் அரசாங்கத்துக்குத் தகவல் சொன்னார். அப்புறம் ஆய்வு மேல் ஆய்வு. 1956 நவம்பர் 14ல் கம்பெனி பதிவாச்சு. 1957 மே 20ல் நேரு வந்து சுரங்க வேலையை ஆரம்பித்து வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். அடுத்த வருஷமே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம். (600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையம் 2020 செப்டம்பரோட மூடியாச்சு.)

கிணத்துல கறுப்பு வந்ததுக்கும் கரி வெட்டினதுக்கும் நடுவுல கால் நூற்றாண்டு. இந்தக் கரி லேசில் கிடைக்கிற கரி இல்லை. ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளணும். அதைவிடப் பெரிய தலைவலி தண்ணி. கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல் மண்ணை எடுத்துட்டா கரியையே பொத்துக்கிட்டு வந்து சுரங்கத்தை மூழ்கடிச்சிடும். அதனால ராப்பகலா இறைச்சுக்கிட்டே இருக்காங்க. முதலியார் கிணற்றில் தானா பொங்கின அதே ஊற்றுதான்! சுத்துப்பட்டு விவசாயிகள் எங்க போர்ல தண்ணி கீழ போயிடுச்சுன்னு புலம்புறதும் இதனாலதான்.

சரி, நடக்க ஆரம்பிப்போம். ஆர்ச் கேட்டில் இறங்கிக்கங்க. உள்ளே அட்ரஸ் எல்லாம் பிளாக் நம்பர்தான். அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், குவார்ட்டர்ஸ் கொல்லையில் பலா, மா. சென்னைவாசிகளுக்கு வயிறு எரியும் :)

பழைய ஊரோட பேர் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கிற இடம் வில்லுடையான்பட்டு முருகன் கோவில். வேலுடையான்பட்டுன்னும் சொல்றாங்க. டவுன்ஷிப் வர்றதுக்கு முன்னாடி இங்கே இருந்த கிராமத்தோட பேர் அது. பங்குனி உத்திரத்துக்குப் போனீங்கன்னா காவடிக் கூட்டத்துல கால் வைக்க இடம் இருக்காது. இப்படிப் பேராவது மிஞ்சின கிராமம் இது. பேரும் மிஞ்சாத கிராமங்கள் சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு. அந்தச் சனங்க பக்கத்துல பக்கத்துல குடியேறி, பிள்ளைகளுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை கேட்டு வருஷக்கணக்கா நடந்துக்கிட்டிருக்காங்க.

பிளாக் 16ல் நடராஜர் கோவில். பத்தடிக்கும் மேல உயரமான பஞ்சலோக நடராஜர், அதுக்காகவே போகலாம். எனக்குப் பிடிச்சது என்னமோ அங்கே இருக்கிற மனுப்பெட்டிதான். குறையை எழுதிப் பெட்டியில் போட்டுட்டு ஆராய்ச்சி மணியை அடிக்கணும். மனுநீதிச் சோழன் கதை ஞாபகம் வருதா? பூஜையில் சாமி முன்னாடி மனுவைப் படிக்கிறாங்க. நிலம் போனவங்க எத்தனை பேர் அந்த மணியை அடிச்சிருப்பாங்கன்னு யோசிக்காம என்னால அங்கே நிற்க முடியறதில்லை. ஏன்னா இது பழங்கதை இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைஞ்சு நின்ன நெல்வயலுக்குள்ள வாய்க்கால் வெட்ட பொக்லைன் இறங்கிச்சு. நிலத்தை எப்பவோ கையகப்படுத்தியாச்சுன்னு கம்பெனி சொன்னது. பயிர் அறுவடை வரைக்குமாவது பொறுக்கக் கூடாதான்னு ஊர் கேட்டது. கடைசியில உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனா கதிர் வந்த பயிர் மேல வண்டியை ஏத்துறதை என்னால சாதாரணமா எடுத்துக்க முடியலை.

ஜூலையில் போறவங்க புத்தகக் கண்காட்சி நடக்குதான்னு விசாரிச்சுக்கங்க. 1998ல் ஆரம்பிச்சது. பை கனத்துடும், பஸ் காசு மட்டும்னு சொன்ன தலைப்புக்கு நான் பொறுப்பில்லை.

பசிக்கிறப்போ வடலூர் பஸ் ஏறுங்க, பத்து கிலோமீட்டர்தான். 1867 மே 23ல் வள்ளலார் தர்மசாலை ஆரம்பிச்ச இடம். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையலை. அந்த இடம் பார்வதிபுரம் ஜனங்க கொடுத்தது, ஏறக்குறைய 80 காணி. யாரும் பிடுங்கலை, அவங்களா கொடுத்தது. அதனாலதான் 2024ல் அந்தப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்டக் குழி தோண்டினப்போ, "எங்க தாத்தா பாட்டன் கொடுத்தது வெட்டவெளியா இருக்கத்தான்"னு பார்வதிபுரத்துக்காரங்க போய் மறிச்சாங்க.

சாப்பாட்டு நேரம் பார்த்துப் போங்க. ஊர், ஜாதி எதுவும் கேட்க மாட்டாங்க. உட்கார்ந்தா சோறு. சாப்பிட்டு சத்திய ஞான சபை வரைக்கும் அந்த வெளியில் நடங்க, வெயில் தாழ்ந்தப்புறம்னா இன்னும் நல்லது.