கிரிவலத்தை வெட்டும் 200 இடம்

பௌர்ணமி நெருங்கும்போது திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் இணையத்தில் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: திதி எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது? அதற்காக "திருவண்ணாமலை கிரிவலம் நேரம்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தை, இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். முகவரி "திருவண்ணாமலை-கிரிவலம்-நே" என்று நின்றுவிடும். "ரம்" போயே போச்சு.

காரணம் பழையது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், மேசை விரிப்புக் காகிதத்தில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை வகுத்தார்கள். ஆங்கில எழுத்துக்கு அதில் ஒரு பைட், தமிழுக்கு மூன்று. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கமுமாக விரியும்; ஆக, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம். "தி" என்றால் தகரமும் இகரக் குறியும் சேர்ந்து 18. "திருவண்ணாமலை" மட்டுமே 108 இடத்தை விழுங்கிவிடுகிறது. வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் முகவரித் துண்டுக்கு, அதாவது ஸ்லக்குக்கு, ஒதுக்கியிருப்பதோ 200 இடம். தலைப்பை முகவரியாக்கும் 'சானிடைஸ் டைட்டில்' ஃபங்ஷன் அந்த எல்லையில் வெட்டுகிறது. குறியீட்டின் நடுவில் கத்தி வைப்பதில்லை என்பது ஆறுதல்.

வேர்ட்பிரஸின் வேர் கார்சிகாத் தீவில். மிஷேல் வால்ட்ரிகி 2001-இல் எழுதிய 'பி2' என்ற வலைப்பதிவு மென்பொருள் கேட்பாரற்று நின்றபோது, அமெரிக்காவின் மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் அதை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27-இல் வேர்ட்பிரஸ் வெளியானது. மின்னஞ்சல் முகவரிகளை எந்திரங்கள் வாரிக்கொண்டுபோன காலம் அது. 'ஆன்ட்டிஸ்பாம்பாட்' என்ற ஃபங்ஷன் அந்த ஆண்டின் 0.71 பதிப்பிலேயே இருக்கிறது. அது மின்னஞ்சல் முகவரியின் எழுத்துகளைத் தாறுமாறாகக் குறியீடுகளாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் முகவரி மாறாது. திருவண்ணாமலையில் சன்னதித் தெரு விடுதிக்காரர் ஒருவரின் பக்கத்துக்கு இன்றும் உதவும் சங்கதி. ஆனாலும் இதற்கென்று தனியாக ஒரு ப்ளக்இன் தேடி நிறுவுவதுதான் பலருக்கும் பழக்கம்.

நேரக் கணக்கில் தவறினால் பக்தருக்கே நஷ்டம். வேர்ட்பிரஸ் தன் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. பௌர்ணமி அதிகாலை 3 மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் சாதாரண 'டேட்' ஃபங்ஷன் அதை முந்தைய இரவு 9.30 என்று காட்டும். ஐந்தரை மணி நேரத்தோடு தேதியும் பறிபோகும். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பின் 'டபிள்யூபி டேட்', தளத்தின் அமைப்பில் கொல்கத்தா நேரத்தைத் தேர்ந்திருந்தால், சரியான நேரத்தைச் சொல்லும். தளத்தின் மொழி தமிழ் என்றால் மாதப் பெயரும் தமிழில் வரும். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று காட்ட 2005 முதலே 'ஹியூமன் டைம் டிஃப்' இருக்கிறது. அது இடைவெளியை மட்டுமே சொல்லும். "இன்னும்" என்ற சொல்லை நாம்தான் முன்னால் போட வேண்டும்.

முன்னோட்ட வரிகளின் கதை இன்னும் மோசம். பைட்டை எண்ணும் 'சப்ஸ்டர்' கொண்டு தமிழை நறுக்கினால் கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் முளைக்கக்கூடும். எழுத்தை எண்ணும் ஃபங்ஷனைப் போட்டால் "கோபுரம்" என்பது "க" என்று முடியக்கூடும். 2011 டிசம்பரின் 3.3 பதிப்பில் வந்த 'டபிள்யூபி ட்ரிம் வேர்ட்ஸ்' சொற்களை எண்ணுகிறது. எண்ணிக்கை எதுவும் தராவிட்டால் 55 சொல்லில் நிறுத்தும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் தமிழுக்கு இதைவிடப் பொருத்தமானது வேர்ட்பிரஸுக்குள் இல்லை.

ஸ்லக்குக்கு மட்டும் இப்படி ஓர் ஆயத்த மருந்து கிடையாது. தளம் நடத்துகிறவர்கள் வெளியிடும் முன் ஸ்லக் பெட்டியைத் திறந்து, 'கிரிவலம்-நேரம்' என்று சுருக்கமாகத் தாங்களே தட்டிவிடுவது நல்லது. அதற்கு 118 இடம்தான் ஆகும்.