தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் தூக்கத் தரம்

தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் தூக்கத் தரம் என்பது, அங்குள்ள நோயாளி எவ்வளவு நேரம் உறங்குகிறார் என்பதை மட்டுமன்றி, அத்தூக்கம் எவ்வளவு ஆழமானது, எத்தனை முறை கலைகிறது என்பனவற்றையும் சேர்த்துக் குறிக்கும். ஆய்வுகளில், 24 மணி நேரத்தின் மொத்தத் தூக்கம் பலருக்கு இயல்பை ஒட்டியே காணப்பட்டது. ஆயினும் அதில் ஏறத்தாழப் பாதி பகலில் துண்டுதுண்டாக வருவது. ஆழ்ந்த தூக்கமும், கனவுகள் மிகுந்த விரைவிழியசைவுத் தூக்கமும் குறைவாகவே உள்ளன.

அளவிடல்

மூளை மின்னலைகள், விழியசைவு, தசை இயக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் பாலிசோம்னோகிராஃபியே துல்லியமான முறை. ஆனால் பல கருவிகள் பொருத்தப்பட்ட நோயாளியிடம் இதனைச் செய்வது கடினம். 2000 இல் வெளியான ரிச்சர்ட்ஸ்-கேம்ப்பெல் வினாநிரலில், ஆழம், உறக்கம் வரும் நேரம், விழிப்புகள், மீண்டும் உறங்குதல், மொத்தத் தரம் என்னும் ஐந்துக்கும் நோயாளியே 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறார். பேச இயலாதவருக்காகச் செவிலியர் மதிப்பிடும்போது, தூக்கம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகவே பெரும்பாலும் பதிவாகிறது. கண் மூடிக் கிடப்பது தூக்கம் ஆகாது. மயக்க மருந்து தரும் நிலையும் இயல்பான தூக்கத்துக்கு ஈடல்ல. "இரவெல்லாம் நன்றாகத் தூங்கினார்" என வெளியே காத்திருக்கும் உறவினரிடம் கூறப்படுவதை இவ்வாறே கொள்ள வேண்டும்.

காரணங்கள்

வலி, நோயின் தாக்கம், செயற்கை சுவாசக் கருவி, மருந்துகள், இரவிலும் அணையாத விளக்கு, ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் எழுப்புதல் எனக் காரணங்கள் பல. ஒலி அவற்றுள் ஒன்றே. எனினும் குறைக்கக் கூடியது. நைட்டிங்கேல் 1859 இல் எழுதிய செவிலியர் நூலிலேயே இதற்குத் தனி அத்தியாயம் உண்டு.

இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழிசெய்கின்றன. அங்கு இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 40 டெசிபெல். ஆனால் இது வெளிப்புற ஒலிக்கானது. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிக் கருடசேவை விடியற்காலையில் வாத்திய முழக்கத்துடன் தெருவில் வருவது ஆண்டில் ஒரு நாள். படுக்கையருகே எச்சரிக்கை மணி அடிப்பது ஒவ்வோர் இரவும். நோயாளி அறைகளுக்கு உலக சுகாதார அமைப்பு 1999 இல் பரிந்துரைத்த இரவு அளவு 30 டெசிபெல். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 50ஐத் தாண்டுவது வழக்கம். டெசிபெல் மடக்கை அளவு என்பதால், 20 டெசிபெல் வேறுபாடு ஒலிச்செறிவில் நூறு மடங்காகும். மேலும், தறியோசை போல ஒரே சீராக வரும் ஒலியைவிட, அமைதிக்கிடையே திடீரென உயரும் ஒலியே தூக்கத்தை அதிகம் கலைக்கிறது.

விளைவுகளும் மேம்படுத்தலும்

தூக்கக் குலைவுடன், நாள், இடம் மறந்து பிதற்றும் டெலிரியம் என்னும் மனக்குழப்பம் சேர்ந்து காணப்படுகிறது. எது எதற்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டி, இரவில் ஒலியையும் ஒளியையும் குறைத்தல், காதடைப்பான், கண்மறைப்பு போன்ற எளிய வழிகளை ஆதரிக்கிறது. தூக்கத்துக்காக மட்டும் புரோபோஃபால் தருவதை ஆதரிக்கவில்லை. எச்சரிக்கை மணியின் வரம்புகளை நோயாளிக்கேற்ப அமைத்தால் தேவையற்ற மணிகள் குறையும். மணியை முற்றிலும் நிறுத்துவது ஆபத்தானது. அவசரமற்ற இரத்தப் பரிசோதனையையும் உடல் துடைப்பதையும் நள்ளிரவிலிருந்து மாற்றி வைப்பதற்குச் செலவே இல்லை.