வெள்ளை நாயும் வீட்டு எல்லையும்

நாட்டு நாய் பத்திப் பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்றாங்க. "ராஜபாளையமா? எசமானைத் தவிர ஒருத்தரையும் உள்ள விடாது. அது ரத்தத்துலயே ஊறின குணம்." நமக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதனால வெளியூர் நண்பர்கள் என்கிட்ட பால்கோவாவுக்கு அடுத்தபடியா கேக்கிறது நாய்க்குட்டிதான் :-)

அந்த 'ரத்தத்துல ஊறினது' எவ்வளவு தூரம் உண்மைன்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு. பாதி வரலாறு, பாதி நாய் மனசு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். தமிழ்நாட்டுல நாய் காவல் காத்த கதை ரொம்பப் பழசு. திருவண்ணாமலை மாவட்டத்துல செங்கம் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல் கிடைச்சிருக்கு. மகேந்திரவர்ம பல்லவனோட 34-வது ஆட்சியாண்டுல வெட்டினது, அதாவது ஏழாம் நூற்றாண்டோட தொடக்கம். எருமைகளைக் காக்கப் போய் செத்துப்போன வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்துலயே அவனோட நாயையும் செதுக்கியிருக்காங்க. நாயோட பேரு கோவிவன். ரெண்டு கள்ளர்களைக் கடிச்சிட்டு எசமானுக்குக் காவலா நின்ன சேதியையும் கல்லுல பொறிச்சிருக்காங்க. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாய்க்குப் பேரும் புகழும்!

ஆனா நம்ம ராஜபாளையம் நாயோட கதை வேற. அதோட முதல் வேலை காவல் இல்லை, வேட்டை. ஆளைப் பார்த்தாலே தெரியும். நீளக் கால், இறங்கின மார்பு, ஒட்டின வயிறு, 65-லேர்ந்து 75 செ.மீ. வரைக்கும் உயரம். மோப்பம் பிடிச்சு மெதுவா போற நாய் இல்லை, கண்ணால பார்த்துத் துரத்துற ஜாதி. சேத்தூர், சிவகிரின்னு மலையடிவாரம் பூரா பாளையங்களும் ஜமீன்களும் இருந்த சீமை இது. ஆந்திரப் பக்கத்துலேர்ந்து வந்து குடியேறின ராஜுக்கள் ஊர் அமைச்சதும் இங்கதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலேர்ந்து இறங்குற காட்டுப்பன்னியைத் துரத்திப் பிடிக்க இந்த மாதிரி நாய்தான் வேணும். வெள்ளைக்காரன் வச்ச பேரே 'பாலிகர் ஹவுண்ட்', பாளையக்காரர் வேட்டை நாய்.

வேட்டை இல்லாத நாள்ல வீடு, தோட்டம், களத்துமேடு காவல். ஆக ரெண்டு வேலையும் பார்த்த நாய்தான், மறுக்கலை. ஆனா ஓடித் தீர்க்கக் காடு இருந்தது, கூட ஓட நாலு நாய் இருந்தது. காவல் மிச்ச நேரத்து வேலை.

1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. நாயைக் கூட்டிக்கிட்டு காட்டுக்குள்ள போய் பன்னி அடிக்கிறது குற்றமாச்சு. 1988-ல எங்க மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிருச்சு. காட்டுக்கு அது நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனா நாய்க்கு? ரெண்டு வேலையில ஒண்ணு போச்சு, மிச்சம் வாசல் கேட் மட்டும்தான். மலையடிவாரம் பூரா ஓடுன உடம்பு, இன்னிக்கு ரெண்டு சென்ட் வீட்டுக்குள்ள. அந்த வேகமெல்லாம் எங்க போகும்? கேட்டுக்குத்தான் வரும்.

சரி, இந்த 'எல்லைக் குணம்'னா என்ன? நாய் தான் தூங்குற, சாப்பிடுற, தன் ஆளுங்க இருக்கிற இடத்தைத் தன் இடமா நினைக்குது. ஓரத்துல ஒண்ணுக்குப் போய் அடையாளம் வைக்குது. புது ஆள் வந்தா குரைக்குது. இது எல்லா நாய்க்கும் உண்டு, ராஜபாளையத்துக்கு மட்டும் தனியா எழுதிக் குடுத்தது இல்லை.

இது எப்படி வளருதுங்கிறதுதான் சுவாரஸ்யம். போஸ்ட்மேன் வர்றார். நாய் குரைக்குது. அவர் கடிதத்தைப் போட்டுட்டு, தன் வேலை முடிஞ்சதுன்னு போறார். நாய் கணக்கு என்ன தெரியுமா? 'நான் குரைச்சேன், ஆள் ஓடிட்டான்.' தினமும் ஒரு வெற்றி. அடுத்த மாசம் இன்னும் சத்தமா குரைக்கும். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுறவர், எல்லார்கிட்டயும் இதே வெற்றி. நாமளும் பின்னாடி நின்னு "டேய் டேய்"னு கத்துவோம். நாயோ, எசமானும் சேர்ந்து குரைக்கிறார்னு நினைச்சுக்கும் :-)

இதுல சங்கிலி வேற. கட்டிப்போட்ட நாய்க்கு விலகிப் போக வழி கிடையாது. பயம் வந்தா ஓடவும் முடியாது, கிட்டப் போய் மோந்து பார்த்து 'சரி, நல்ல ஆளு'ன்னு முடிவு பண்ணவும் முடியாது. மிச்சம் இருக்கிறது பல் மட்டும்தான். நாம அதைத்தான் வீரம்னு சொல்லிக்கிறோம். நிறைய நேரம் அது வெறும் பயம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ராஜபாளையம்னா பால் வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு. இதுதான் 'அசல்'னு ஊர் முடிவு பண்ணிருச்சு. புள்ளியோ வேற நிறமோ வந்த குட்டிகளை ஒதுக்குறது, ஏன் உயிரோடவே விடாம இருக்கிறது கூட வழக்கமா இருந்துச்சு. அதுக்கு இயற்கை வாங்குற வட்டி, காது. உள்காது வேலை செய்ய நிறமிச் செல்கள் வேணும். வெள்ளையை மட்டும் தேடித் தேடி இனம் சேர்த்தா அந்தச் செல்கள் அங்கயும் இல்லாம போகுது, பிறந்த சில வாரத்துலயே சில குட்டிகளுக்குக் காது போயிடுது. டால்மேஷியன்லயும் இதே கதைதான். அமெரிக்காவுல சோதிச்சப்ப ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேக்கலை.

காது கேக்காத நாய்க்கு ஆள் வர்றது தெரியாது. தூங்கிட்டிருக்கும்போது திடீர்னு ஒரு கை மேல விழும், திடுக்குனு திரும்பிக் கவ்வும். ஒரு காது மட்டும் கேட்டா சத்தம் எந்தப் பக்கம்னு பிடிபடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல இப்படித்தான், தூங்குன நாயைத் தொடப்போன ஆறு வயசுப் பையன் கையில தையல். "ராஜபாளையம்ல, அப்படித்தான் கடிக்கும்"னு சொல்லி நாயை எங்கயோ விட்டுட்டாங்க. அதுக்குக் காது கேக்காதுன்னு குட்டி வாங்கினதுலேர்ந்து அதுவரைக்கும் ஒருத்தரும் கவனிக்கலை. நான் எப்பவோ விருந்தாளியா போனப்ப பின்னாடி நின்னு கைதட்டிப் பார்த்தேன், அது திரும்பவே இல்லை. சொன்னேன். சிரிச்சாங்க.

2005 ஜனவரியில தபால்தலையில வந்த நாய் இது. முதோல், ராம்பூர், இமாலய நாய்களோட சேர்த்து நாலுல ஒண்ணு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில பேரைச் சொன்னார். பெருமைதான். ஆனா பெருமைக்காக வாங்குற குட்டியோட கதி என்னாகுதுன்னும் யோசிக்கணும்ல?

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு நாலே வார்த்தை.

ஒண்ணு: குட்டி தூங்கும்போது, அதுக்குக் காத்து அதிர்வு படாத தூரத்துல நின்னு சத்தம் குடுத்துப் பாருங்க. ரெண்டு காதும் தனித்தனியா கேக்குதான்னு தெரியணும்னா கால்நடை மருத்துவர்கிட்டதான் போகணும்.

ரெண்டு: ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல வருஷக்கணக்கா குட்டிகளைக் கவனிச்சு 1965-ல புத்தகம் போட்டாங்க. மூணாவது வாரத்துலேர்ந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும்தான் குட்டி மனுஷங்களோட பழகக் கத்துக்கிற முக்கியமான காலம்னு சொன்னாங்க. அப்ப நாலு விதமான ஆட்களைப் பார்க்கட்டும். 'பழக்கினா காவல் காக்காது'ங்கிறது கட்டுக்கதை. பழகின நாய்க்குத்தான் யார் வேத்தாள்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியும்.

மூணு: கேட்டுல ஒரு தகரமோ கீத்தோ கட்டி தெருவை மறைங்க. பாதிக் குரைப்பு அதுலயே குறையும்.

நாலு: தினமும் ஓட விடுங்க. காட்டைத் திருப்பிக் குடுக்க முடியாது, காலையில ஒரு மணி நேரமாவது குடுக்கலாம்ல?

உங்க வீட்டு நாய் எதுக்குக் குரைக்குது, எப்ப நிறுத்துதுன்னு ஒரு வாரம் கவனிச்சுட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த பதிவுல சிப்பிப்பாறையைப் பார்ப்போம்.