குரோமேட் மாற்றப் பூச்சு

குரோமேட் மாற்றப் பூச்சு என்பது அலுமினியத்தின் மேற்பரப்பை வேதிவினையால் மாற்றி, அரிமானத்தைத் தடுக்கவும் வண்ணப்பூச்சு உறுதியாக ஒட்டவும் உதவும் மெல்லிய படலம் ஆகும். வானூர்தி உறுப்புகளில் இது பரவலாகப் பயன்பட்டுள்ளது. அலோடைன், இரிடைட் ஆகியன இதன் வணிகப் பெயர்களுட் சில.

உருவாகும் விதம்

காற்றுப்பட்ட அலுமினியத்தின் மீது சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம் இயல்பாகவே உருவாகிறது. குரோமேட் கரைசலில் உள்ள புளோரைடு இதனைக் கரைக்கிறது. வெளிப்படும் அலுமினியம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தை மூன்று இணைதிறன் கொண்டதாக ஒடுக்குகிறது. இதனால் நீரேறிய குரோமியம் ஆக்சைடு கூழ்போலப் படிகிறது. ஒடுக்கப்படாத குரோமியத்தின் ஒரு பகுதி படலத்திலேயே தங்கிவிடும். கீறல் விழும்போது இது ஈரத்தில் கரைந்து அவ்விடத்தை அடைந்து மீண்டும் காப்பளிக்கிறது. பூச்சின் சிறப்பிற்கும் நச்சுத்தன்மைக்கும் இதுவே காரணம்.

வண்ணம் பூசும் முன் கையாளுதல்

* புதிய படலம் மென்மையானது, எளிதில் உரிந்துவிடும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் கடினமாகிறது. அதுவரை தேய்க்கவோ, உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவோ கூடாது.
* சுமார் 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி உலர்த்தினால் படலம் நீரிழந்து வெடிக்கும், காப்புத்திறன் குறையும்.
* வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் படிந்து, பின்னர் வண்ணப்பூச்சு அவ்விடத்தில் கொப்பளிக்கக்கூடும். எனவே தூய கையுறை அணிதல் வேண்டும். இது உறுப்பை மட்டுமன்றிக் கையையும் காக்கிறது.
* காலம் தாழ்த்தாது வண்ணம் பூசுதல் நன்று.

நச்சுத்தன்மை

ஆறு இணைதிறன் குரோமியச் சேர்மங்கள் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகையால் பூச்சிட்ட உறுப்புகளை உலர்நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கக்கூடாது. ஐக்கிய அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டு விதியின்படி, பணியிடக் காற்றில் 8 மணி நேரச் சராசரி அளவு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது.

குரோமிக் அமிலம் வலிய ஆக்சிசனேற்றி. கரைசலைத் துடைத்த துணியும் காகிதமும் உலர்ந்தால் தீப்பற்றக்கூடும். அவற்றை நீரில் அலசிய பின்னரே அகற்ற வேண்டும். அலசிய நீரும் நச்சுக்கழிவே, சாக்கடையில் விடலாகாது.

மாற்று முறைகள்

ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஆறு இணைதிறன் குரோமியத்தை 2006 சூலை முதல் கட்டுப்படுத்தியது. மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கொண்டு பூசும் முறையை ஐக்கிய அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது. இப்பூச்சு பெரும்பாலும் நிறமற்றது. எனினும் நிறமற்ற பழைய வகைக் குரோமேட் பூச்சுகளும் உள்ளன. ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு ஓர் உறுப்பு தீங்கற்றது என முடிவு செய்ய இயலாது.

இவற்றையும் பார்க்க

* அரிமானம்
* அலுமினியம்
* குரோமியம்